சென்னையில் வேலை கிடைத்தால் பைக் தேவையா?

கேள்வி, 8 அக்டோபர் 2023

ஊர் விருதுநகர் பக்கம். கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேரணும். வீட்டில் சும்மா நிற்கிற பைக்கை ரயிலில் போட்டுக் கொண்டுபோ என்கிறார் அப்பா. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாம் இருக்கிற ஊரில் பைக் தண்டச்செலவு என்பது என் கட்சி. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

9 அக்டோபர் 2023

தண்டச்செலவா இல்லையா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எனக்கும் ஆபீஸ் கிண்டிதான், ரூம் மடிப்பாக்கம். போக வரப் பதினாறு கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது, பெட்ரோல் 102 ரூபாய் சொச்சம். மாதம் 24 நாள் ஓடினாலும் பெட்ரோல் 900 ரூபாயைத் தாண்டாது. மாநகரப் பஸ்ஸில் இஷ்டம்போல் சுற்றுகிற மாத பாஸ் 1000 ரூபாய். பெட்ரோலை மட்டும் பார்த்தால் பைக் மலிவு. சர்வீஸ், இன்ஷூரன்ஸ், வருஷத்துக்கு ஒரு டயர், மாதம் ஒரு பஞ்சர் எல்லாம் சேர்த்தால் பஸ் மலிவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வைத்துக்கொள்.

காசு இல்லை இங்கே விஷயம். என் ரூம் மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. பஸ் அங்கே வராது. ஷேர் ஆட்டோ பிடித்து, அப்புறம் பஸ் பிடித்து, கிண்டியில் இறங்கி நடந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பைக்கில் அதில் பாதி. அதே கிண்டி ஆபீஸுக்கு ஆலந்தூரிலோ பரங்கிமலையிலோ ரூம் கிடைத்தால் மெட்ரோவும் மின்சார ரயிலும் வாசலில். பைக் கொண்டுவந்தால் நிறுத்த இடம் தேடுவதே வேலையாகிவிடும்.

ஆகவே தம்பி, முதலில் வீட்டை முடிவு செய். அப்புறம் அப்பாவிடம் வண்டியைப் பற்றிப் பேசு. ஆபீஸ் எங்கே இருந்தாலும் வீடுதான் வண்டியைத் தீர்மானிக்கிறது.

11 அக்டோபர் 2023

ரயிலில் அனுப்புவது எப்படி என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். நான் திருநெல்வேலியில் போட்டேன். ஆர்சி புக் நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். டேங்கில் பெட்ரோல் சொட்டுகூட இருக்கக்கூடாது, குழாயைக் கழற்றி வடித்துவிடுவார்கள். பார்சல் ஆபீஸ் வாசலிலேயே சாக்குச் சுற்றித் தைக்கிற ஆட்கள் இருப்பார்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், டேங்க் மூன்றுக்கும் வைக்கோல் வைத்துக் கட்டச் சொல். ஐம்பது ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடு. நான் பேரம் பேசினேன், எழும்பூரில் இறங்கும்போது இடது பக்க இண்டிகேட்டர் மட்டும் நரம்பு பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கினதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை நடக்கணும். ஒரு பாட்டிலில் வாங்கி வரலாம் என்று நினைக்காதே, பாட்டிலில் கொடுக்க மாட்டார்கள்.

7 டிசம்பர் 2023

இன்றைக்குத்தான் போனுக்கு உயிர் வந்தது. மடிப்பாக்கத்தில் மூன்றாம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை மறுநாள் முழுக்க நிற்கவில்லை. மிக்ஜாம் புயல் என்னமோ ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரை ஏறியது. ஆனால் தண்ணீரையெல்லாம் இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் ரூம் தரைத்தளம். கட்டில் மேல் லேப்டாப், லேப்டாப் மேல் அரிசி மூட்டை, அதன் மேல் ரூம்மேட்.

பைக் சீட் வரைக்கும் தண்ணீர். கண்ணாடி இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தது.

அப்பாவுக்கு எப்படியோ லைன் கிடைத்தது. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. “ஏல, தண்ணி வடிஞ்சதும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிராத. சாவியவே தொடாத.” அவ்வளவுதான், கட்.

9 டிசம்பர் 2023

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு. மூழ்கின வண்டியை உதைத்தால் சிலிண்டருக்குள் இருக்கிற தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று மெக்கானிக் விளக்கினார். அவர் கடை வாசலில் வரிசையாக நாற்பது ஐம்பது வண்டி. நம் முறை வந்ததும் அடியில் இருக்கிற ஆயில் நட்டைக் கழற்றினார். கறுப்பாக வரவேண்டிய ஆயில் ஆறிப்போன பால் காபி மாதிரி கொழகொழவென்று இறங்கியது. ஏர் ஃபில்டரைப் பிழிந்தார். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதிக்கச் சொன்னார். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது. புது ஆயில் ஊற்றி, ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில். இரண்டு தடவை மாற்றாத மெக்கானிக்கிடம் விடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வியே “ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா” என்பதுதான். பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் அதற்கும் அர்த்தமில்லை, அதில் நம் வண்டிக்கு ஒரு பைசா வராது.

கேள்வி கேட்ட தம்பி, நீ ஆலந்தூரில் ரூம் எடுத்ததாகச் சொன்னாயே. மகராசன்.

21 டிசம்பர் 2023

இதை எழுதவே மனசில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். பதினேழாம் தேதி அங்கே பெய்த மழையைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில்தான் நின்றுபோனது. எண்ணூறு பேர் வரை உள்ளே. பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வீட்டில் எல்லோரும் நலம், மச்சு வீட்டுக்காரர் மேலே ஏற்றிக்கொண்டார். அப்பாவின் டிவிஎஸ் மொபட் மட்டும் மூழ்கிவிட்டது. என் வண்டி, அவர் வண்டி, இரண்டும் ஒரே மாதத்தில். போன் வந்ததும் நான் முதலில் சொன்னது: “சாவியவே தொடாதீங்க.” அவர் சிரித்தார். அப்புறம்தான் அம்மா மிக்ஸி, கிரைண்டர், பீரோ என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

நிவாரணம் 6000 ரூபாய் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ரேஷன் கார்டைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இங்கே தரைத்தளத்து வாடகை ரூமில் இருக்கிற பாதிப் பேருக்குக் கார்டு ஊரில். கார்டு இல்லாதவர்கள் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊரை ஓட்டுகிற கூட்டத்தில் பாதிப்பேர் இந்த ஊரின் எந்தக் காகிதத்திலும் இல்லை. வெள்ளம் வந்தால்தான் இது தெரிகிறது. எங்கள் வீட்டில் ஊர் கார்டுக்கு ஊர் வெள்ளத்துக்கான பணம் வரும். சென்னை வெள்ளம் என் சொந்தச் செலவு.

13 பிப்ரவரி 2024

பொங்கலுக்குப் பிறகு கிளாம்பாக்கம் புது பஸ் நிலையம் பற்றி எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள், நானும் என் பங்கைப் போடுகிறேன். டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். கட்டடம் பெரிசு, சுத்தம், கழிவறை கோயம்பேட்டைவிட நூறு மடங்கு மேல். தெற்கே போகிற பஸ் தாம்பரத்தைத் தாண்ட ஒன்றரை மணி நேரம் ஊர்ந்த காலம் போய்விட்டது. மடிப்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் ஆட்களுக்கு இது லாபம்.

வடசென்னை ஆளுக்கு? பெரம்பூரிலிருந்து மூட்டை முடிச்சோடு ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பாதி மதுரை வந்துவிடும். வாசலில் ரயில் நிலையம் கட்டி முடித்துவிட்டு பஸ் நிலையத்தைத் திறந்திருக்கலாம். மெட்ரோ இன்னும் விமான நிலையத்தோடு நிற்கிறது. போன வாரம் ராத்திரியில் திருச்சிப் பக்கம் போக பஸ் இல்லை என்று ஜனம் மறியலில் உட்கார்ந்தது. கட்டடத்துக்கு ஆகிற செலவில் கால்வாசி யோசனை அதற்குப் போகிற வழிக்குச் செலவழித்தால் போதும்.

நேற்று ஒருவர் “உனக்கு வசதி என்பதால் ஆதரிக்கிறாய்” என்று எழுதியிருந்தார். ஆமாம். எல்லோரும் அப்படித்தான் அய்யா. கோயம்பேட்டை ஆதரிக்கிற நீங்கள் அரும்பாக்கத்தில்தானே இருக்கிறீர்கள்?

19 ஆகஸ்ட் 2024

சிறு விபரீதம். நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஃபீனிக்ஸ் மால் பக்கம் போனேன். அவன் தலையில் ஹெல்மெட் இல்லை. யாரும் நிறுத்தவில்லை, கேமராவும் கண்ணில் படவில்லை. மறுநாள் அப்பா போன்.

“ஏல, வேளச்சேரியில ஆயிரம் ரூவா அபராதம்னு எனக்கு மெசேஜ் வருது. நான் எப்பம்ல அங்க போனேன்?”

ஆர்சி இன்னும் அவர் பெயரில், அவர் நம்பரில். நான் எங்கே, எத்தனை மணிக்கு, எந்த ரோட்டில் போனேன் என்பது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறவருக்குப் படத்தோடு போய்விடுகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பது அம்மாவின் கேள்வி. பையன்தான் என்று நிரூபிக்க அந்தப் படத்தையே பெரிதாக்கிக் காட்டவேண்டியிருந்தது.

16 அக்டோபர் 2024

ரெட் அலர்ட். லீவும் விட்டாச்சு. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையின் கடைசியில், படத்துக்குள் வராமல், நம் வண்டியும் நின்றது. போலீஸ் ஃபைன் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி, போடவில்லை என்று போலீஸே சொல்லிவிட்டது. கிண்டல் செய்கிறவர்கள் எல்லாம் அண்ணாநகர். 2015, 2023 இரண்டையும் பார்த்த வேளச்சேரிக்காரன் பாலத்தில் காரை ஏற்றுவது பயம் இல்லை, அனுபவம்.

மழை என்னவோ சொன்ன அளவுக்கு வரவில்லை. பைக்கை எடுக்கப் போனால் சீட்டில் யாரோ பாதி சாப்பிட்ட மிக்சர் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

5 பிப்ரவரி 2025

ஆட்டோக்காரர்கள் ஒன்றாம் தேதியிலிருந்து அவர்களாகவே புது ரேட் அறிவித்துவிட்டார்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18. ஆபீஸில் எல்லோரும் கொதிக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அரசு நிர்ணயித்த 25 ரூபாயும் 12 ரூபாயும் 2013-ல் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் என் ரூம் வாடகையும் டீயும் எங்கேயோ போய்விட்டன. ஆட்டோ ரேட் மட்டும் அப்படியே நிற்கணும் என்றால் மீட்டர் போடாமல்தான் ஓட்டுவார்கள். எனக்குத் தெரிந்து 25 ரூபாய்க்கு யாரும் சென்னையில் ஆட்டோ ஏறியதே இல்லை. இல்லாத ரேட்டைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு சண்டைபோடுவதற்கு, இருக்கிற ரேட்டை எழுதி மீட்டரில் ஏற்றுவது நல்லது.

தனியாக ஒரு செய்தி: வேலை மாறுகிறேன். சோழிங்கநல்லூர். சம்பளம் கூட, தூரம் கூட.

15 ஜூன் 2025

எழுதி நாளாச்சு. கிண்டிக்கு எழுதின கணக்கு எதுவும் இப்போது செல்லாது. மேடவாக்கம் வழியாகப் போனாலும் மெட்ரோ பள்ளம், ராஜீவ் காந்தி சாலைக்குப் போனாலும் மெட்ரோ பள்ளம். இரண்டாம் கட்டம் மொத்தம் 119 கிலோமீட்டர், 63,246 கோடி. முடிந்தால் என் ஆபீஸ் வாசலிலேயே ஸ்டேஷன். அதுவரைக்கும் தோண்டிய பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு.

அந்தத் தகடுதான் என்னைத் தள்ளியது. தூறல், முன்னால் போன வேன் திடீரென்று நின்றது, நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். தகட்டில் டயருக்குப் பிடிமானமே கிடையாது. முழங்கை தோல் உரிந்தது, கண்ணாடி போச்சு. பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு ஓடிவந்து தூக்கிவிட்டார். மழையில் தகடு, வெள்ளைக் கோடு இரண்டின் மேலும் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். முன்னாடியே வேகத்தைக் குறைத்து நேராகத் தாண்டிவிடுங்கள்.

என்னுடையது சிராய்ப்பு. பன்னிரண்டாம் தேதி ராமாபுரம் பக்கம் மெட்ரோ உத்திரம் விழுந்ததில் பைக்கில் போன ஒருவர் செத்தேபோனார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டா ஓட்ட முடியும்? மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்குத்தான் முதலில் வேண்டும். உத்திரத்தை ஏற்றி உறுதியாக உட்காரவைக்கிற வரைக்கும் கீழே ரோட்டை மூடுங்கள். அரை மணி நேரம் சுற்றிப் போனால் ஒன்றும் குடிமுழுகாது.

30 ஆகஸ்ட் 2025

நிச்சயதார்த்தம் முடிந்தது. தை மாதம் கல்யாணம். பெண் வீடு பெருங்களத்தூர், தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. இங்கே வாழ்த்துச் சொல்கிறவர்கள் மொய்யையும் மறக்கவேண்டாம்.

அவள் வேலைக்குப் போவது பிங்க் பஸ். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, அந்த பஸ். ஒரு நாள் கூடப் போனேன். அவளுக்கு இலவசம், எனக்குத்தான் டிக்கெட். கண்டக்டர் நக்கலாகப் பார்த்தார். நாங்கள் நின்ற நேரத்தில் டீலக்ஸ் இரண்டு காலியாகப் போனது, அவள் ஏறவில்லை. “மாசாமாசம் மிச்சம், அதான் என் சீட்டுப் பணம்” என்றாள். இலவசம் தண்டம் என்று பேசுகிற ஆண்கள் ஒரு நாள் அந்த ஸ்டாப்பில் நின்று பார்க்கணும். நின்றால் இன்னொன்றும் புரியும்: இலவச பஸ் போதுமான அளவுக்கு வருவதில்லை.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். என் வண்டி 2019 மாடல். 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டிகளில் நிறைய இதற்காகச் செய்ததில்லை. முதலில் எழுதின 45 இப்போது 41, 42-தான். எத்தனாலா, வண்டிக்கு வயசானதா, மெட்ரோ நெரிசலில் கிளட்ச் பிடித்தே ஓட்டுவதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்கில் ஒரு குழாயில் கொடுத்துவிட்டு நம்மைத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

25 செப்டம்பர் 2025

350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது, இருபத்திரண்டாம் தேதி முதல். மாமனார் வண்டி எடுத்துத் தருகிறேன் என்று ஆரம்பித்தார். அப்பா போனிலேயே “அந்தப் பேச்சே வேண்டாம்” என்று முடித்துவிட்டார். நல்லது. வரதட்சணையை இன்றைக்கு யாரும் அந்தப் பெயரில் கேட்பதில்லை, ஆஃபர் என்கிற பெயரில் வந்து நிற்கிறது.

அதே நாளில் வந்த சென்னை ஒன் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். யோசனை அருமை. சில்லறைச் சண்டை இல்லை என்பதே பெரிய விஷயம். 2023-ல் தம்பி கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில் எழுதினால் பஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்வேன்.

6 டிசம்பர் 2025

டித்வா புயல் மிச்சம் வந்து சென்னை மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் நகரவில்லை. வண்டி இந்த முறை தப்பித்தது, எதிர் வீட்டுச் சரிவில் ஏற்றி வைத்துவிட்டேன். காகிதம்தான் மாட்டிக்கொண்டது.

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கான எஸ்ஐஆர் படிவம். எனக்கு ஓட்டு ஊரில், படிவமும் ஊருக்குத்தான் போனது. பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் நான் இருக்க வாய்ப்பில்லை, சின்னப் பையன். ஆகவே அப்பா விவரம் எழுதணும். பழைய பட்டியலைத் தேடினால் அப்பா பெயரில் ஒரு எழுத்து வேறு, தாத்தா பெயரில் இரண்டு எழுத்து வேறு. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது நான்தாம்ல, வயசு சரியா இருக்கு” என்றார். நான் இல்லாததால் அவரே எனக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வாங்க வந்த அங்கன்வாடி டீச்சருக்கு அம்மா டீ போட்டுக் கொடுத்தாளாம். பாவம், அந்த மழையில் வீடு வீடாக நடந்தவர்.

22 டிசம்பர் 2025

வரைவுப் பட்டியல் பத்தொன்பதாம் தேதி வந்துவிட்டது. 6.41 கோடியில் 97 லட்சத்துக்கு மேல் நீக்கியிருக்கிறார்கள். இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் போவது நியாயம். ஆனால் “இடம்பெயர்ந்தவர்” என்று போனதில் எங்கள் மாதிரி ரூம்காரர்கள் எத்தனை? என் பெயர் இருக்கிறது. என் பழைய ரூம்மேட் பெயர் இல்லை. மடிப்பாக்கம் ரூமில்தான் அவன் பதிந்திருந்தான். போன வருஷம் பல்லாவரம் மாறினான். படிவம் வந்தபோது அந்தக் கதவில் வேறு பூட்டு. இப்போது பெயர் சேர்க்கிற ஃபார்ம் 6 நிரப்புகிறான், ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது. உங்கள் பெயரையும் இன்றைக்கே பாருங்கள், பொங்கல் முடிந்து பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பைக்கை விற்கப்போகிறாயா என்று கேட்டவருக்கு: இல்லை. பெருங்களத்தூரில் வீடு பார்த்தாயிற்று, ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரம், முதல் மாடி. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் பார்த்தது ஹாலையும் சமையலறையையும் இல்லை, 2023 தண்ணீர்க் கறை காம்பவுண்டுச் சுவரில் எதுவரை இருக்கிறது என்பதை. முழங்காலுக்குக் கீழேதான். அவளுக்கு மின்சார ரயில் ஒரு ஸ்டாப். எனக்குச் சோழிங்கநல்லூர் வரை பைக்தான் வழி. ஆர்சியையும் இந்தத் தடவை என் பெயருக்கு மாற்றுகிறேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.

பெருங்களத்தூரிலிருந்து மேடவாக்கம் வழியாக ராஜீவ் காந்தி சாலைக்குக் காலையில் போகிறவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மணிக்குக் கிளம்பினால் கேம்ப் ரோடு சிக்னலில் மாட்டாமல் போகலாம் என்று சொல்லுங்கள்.